சலூன் வீட்டுப் பாம் மரம்

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்” என்றார் அவர்.

“கேளுங்க.”

“தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“மொதல்ல கேளுங்க. தப்பா சரியாங்கறதை அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் உள்ளறை. சுவரோரத்து மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தாடி வழித்துவிடும் மனிதர், அன்று காலை பதற்றத்தில் தன் தாடையைத் தானே கீறிக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சின்னச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததுமே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“பாப்பாவுக்கு ஒம்பது வயசு. அவ அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. உங்களை அம்மான்னு கூப்பிடச் சொல்லி நீங்க அவளைக் கேக்கக் கூடாது. அவளா கூப்பிட்டா சந்தோஷம். நீங்களா கேக்க வேண்டாம். ‘புதுசா ஒரு அம்மா வரப்போறாங்க’ன்னு எங்கக்கா ஒரு தடவை சொல்லிட்டாங்க. அன்னைக்கு முழுக்கப் பச்சத்தண்ணி குடிக்கல புள்ள.”

“கேக்க மாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? கொழந்த வாய்க்குள்ள கையை விட்டா ஒரு வார்த்தையை எடுக்க முடியும்?”

அவர் முகம் தெளிந்தது. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே, “அப்புறம் வாசல்ல ஒரு பாம் மரம் இருக்கு. அவ அம்மா வெச்சது. அதுக்கு மட்டும் தெனம் தண்ணி...” என்று இழுத்தார்.

“ஒண்ணே ஒண்ணுன்னீங்க?”

“ரெண்டாயிடுச்சு.”

“மூணாவது வர்றதுக்குள்ள டீயைக் குடிச்சிடுங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு இரண்டுமே எளிதாகத்தான் தெரிந்தன. ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் நின்று நின்று முப்பதைத் தாண்டியவள். கல்யாணம் என்ற பேச்சையே மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருந்தவள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதா கஷ்டம்? ஒரு வார்த்தையைக் கேட்காமல் இருப்பதா கஷ்டம்?

வீட்டுக்கு வந்த முதல் வாரமே நாத்தனார் அவளுக்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்துவிட்டாள். “புதுசு நல்லா டீ போடுது”, “புதுசுக்குத் தூக்கம் ஜாஸ்தி.” கணவரும் அதையே செல்லமாகப் பிடித்துக்கொண்டார். தெருவில் சிறியவர்களுக்குப் புதுசக்கா ஆனாள். அந்தச் சிறியவர்களுக்குக் குழந்தைகள் பிறந்ததும் புதுசத்தை ஆனாள். தலையில் நரை தட்டி, மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகும் அவள் புதுசுதான்.

பாப்பா மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பாப்பா கெட்ட பிள்ளையே இல்லை. போட்டதைச் சாப்பிட்டாள். மதிப்பெண் வந்தால் முதலில் இவளிடம்தான் காட்டினாள். காய்ச்சல் வந்தால் இவள் மடியில்தான் தலை. ஆனால் ஒரு மனுஷியைக் கூப்பிடாமலே எப்படிக் கூப்பிடுவது என்பதில் அந்தப் பிள்ளை தேர்ந்த வித்தைக்காரியாகிவிட்டது. குளியலறைக்குள்ளிருந்து, “துண்டு!” என்று மட்டும் குரல் வரும். பள்ளியிலிருந்து வந்ததும் கூரையைப் பார்த்து, “பசிக்குது” என்று அறிவிக்கும். அவசரமென்றால் பக்கத்தில் வந்து நின்று செருமும். கைபேசி வந்த காலத்தில் இன்னும் வசதியாகிவிட்டது. எடுத்ததும், “நான்தான்” என்பாள். “நான்தான். லேட்டாகும். எனக்கு எடுத்து வைக்க வேண்டாம்.”

“சரி பாப்பா” என்பாள் இவள். போனை வைத்துவிட்டு, ‘நீ யாருன்னு எனக்குத் தெரியுது, நான் யாருன்னுதான் தெரியல’ என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததோடு சரி. கொடுத்த வாக்கு வாக்குதான்.

இரண்டாவது விஷயத்தில் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாசற்குழாயில் வாளியைப் பிடித்து அந்த மரத்தடியில் ஊற்றிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். மழைக்காலத்திலும் ஒரு செம்பாவது ஊற்றாமல் போனதில்லை. தென்னையைப் போல நெடுநெடுவென்று போகாமல், மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கும் உயரத்தில், இறகு இறகாக மட்டைகளை விரித்து நிற்கும் அழகு மரம். காற்றடித்தால் ஓலைகள் ஒன்றையொன்று தடவிக்கொள்ளும் சத்தம், யாரோ பட்டுத்துணி மடிப்பது போல இருக்கும்.

அந்த வீட்டில் மரத்துக்கு இரண்டு விசேஷக் கவனிப்புகள் உண்டு. இரண்டும் தொழிலிலிருந்து வந்தவை. ஒன்று, உரம். சலூனில் அன்றன்று விழும் முடியைக் கூட்டிச் சாக்கில் அள்ளி வந்து, சாயங்காலம் மரத்தடியில் கொட்டுவார் அவர். முடி நல்ல உரம் என்று பாப்பாவின் அம்மா எங்கேயோ கேட்டு வந்து ஆரம்பித்து வைத்த வழக்கம். கொட்டிக் கொட்டி, மரத்தைச் சுற்றி ஒரு மேடே எழும்பியிருந்தது. செருப்புக்காலோடு ஏறி நின்றால் மெத்தை மாதிரி அமுங்கும்.

இன்னொன்று, கட்டிங். ஞாயிறு தவிர்த்து என்றைக்காவது கடையில் கூட்டம் குறைந்தால் ஏணியைச் சாத்திக்கொண்டு ஏறிவிடுவார். நுனி பழுத்த மட்டை ஒன்று இருந்தாலும் அவர் கை நமநமக்கும். “சைடுல கொஞ்சம் எறக்கினா எடுப்பா இருக்கும் பாரு” என்று கீழே நிற்பவளிடம் அபிப்பிராயம் கேட்பார்.

“போதும், எறங்குங்க. அது என்ன கண்ணாடில பாத்துக்கவா போகுது?”

“அழுக்கு மண்டையோட நின்னா, ‘சலூன்காரன் வீட்டு மரத்தைப் பாரு’ன்னு ஊரு சிரிக்காதா?”

முடி என்றால் வெட்ட வெட்ட வளரும். மரத்தையும் அவர் அந்தக் கணக்கிலேயே வைத்திருந்தார்.

அந்த வருஷம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. பாப்பாவுக்குக் கல்யாணமும் முடிவாகியிருந்தது. அவள் வேலைக்குப் போகும் மூக்குக்கண்ணாடிக் கடையில் உடன் வேலை பார்த்த பையன்தான். கல்யாணமானதும் அவனுடைய ஊருக்கே போய்விடுவது என்று பேச்சு. அவன் அம்மாவைப் பாப்பா நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அதற்குள், “அத்தை, சாப்டீங்களா அத்தை? சரி அத்தை, வெச்சிடறேன் அத்தை” என்று போனில் அத்தைமழை பொழிந்தாள். பக்கத்து அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஒவ்வொரு அத்தையும் சுருக்கென்றது. பொறாமையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை அதற்கு.

இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் பாப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உண்டு. போன பிறகு, தூரத்திலிருந்து “நான்தான்” என்று பேசி, விருந்தாளியாக வந்து போய், அப்படியே காலம் ஓடிவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மரம் அந்தச் சமயம் பார்த்துத்தான் சுணங்கியது. அடிமட்டைகள் வரிசையாகப் பழுத்தன. நடுவிலிருந்து வரும் குருத்து, போன வருஷத்தில் பாதி நீளம்கூட இல்லாமல் சோகையாக எட்டிப் பார்த்தது. இவள் ஒரு வாளியை இரண்டாக்கினாள். பயனில்லை. அடுத்த வாரம் பையன் வீட்டார் வருகிறார்கள் என்று சனிக்கிழமை மத்தியானம் அவர் ஏணியைச் சாத்தினார். பழுத்தது, பழுக்கப்போவது, பழுக்கலாம் என்று சந்தேகப்பட்டது எல்லாவற்றையும் வெட்டி இறக்கினார். இறங்கிப் பார்த்தபோது உச்சியில் மூன்று மட்டை குச்சி குச்சியாக நின்றது.

“கொஞ்சம் ஓவராப் போயிடுச்சோ?” என்றார்.

“கொஞ்சமா? பட்டாளத்துக்கு ஆள் சேந்த மாதிரி நிக்குது.”

சாயங்காலம் நாத்தனார் கல்யாண வேலைக்கென்று வந்திருந்தாள். பாப்பா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

“என்னப்பா இது?”

“எல்லாம் மஞ்சளாயிடுச்சு பாப்பா. அதான்...”

“பச்சையா எவ்வளவு அடர்த்தியா இருந்த மரம்!” என்றாள் நாத்தனார் உள்ளேயிருந்து, டீயை ஆற்றிக்கொண்டே. “வெச்ச கை போனதுக்கப்புறம் ஊத்தற கையும் மனசோட ஊத்தணும் இல்ல? நான் யாரையும் சொல்லல.”

“யாரையும் சொல்லலைன்னா ஏன்க்கா சொல்றே?” என்றார் அவர் மெதுவாக.

பாப்பா அடிமரத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். “தண்ணி போகுதா இல்லையா இதுக்கு?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. இவளுக்குத்தான் கையிலிருந்த துண்டு மடிப்பு கலைந்துபோனது. ‘வெட்டினது உங்கப்பா’ என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனுஷன் ஏணிக்குப் பக்கத்தில் தப்புச் செய்த பள்ளிப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். “ஊத்தறேன் பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முட்டையை உடைத்தபோது ஓடும் சேர்ந்து சட்டியில் விழுந்தது. அறைக்குள்ளிருந்து, பையனின் அம்மாவோடு போனில் பேசும் பாப்பாவின் குரல் கேட்டது: “அத்தை, உங்க தோட்டத்துல பாம் மரம் நெறைய இருக்குன்னீங்க இல்ல? ஒண்ணு கேக்கணும் அத்தை.”

மறுநாள் ஞாயிறு. சலூனில் தலைக்கு மேல் வேலை என்று அவர் வெள்ளனவே போய்விட்டார். இவளுக்கு வார விடுப்பு. வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பாப்பா வந்து பக்கத்தில் நின்று செருமினாள்.

“மஞ்சள் மட்டையை வெட்டவே கூடாதாம். மரத்துக்குச் சத்து போதலன்னா பழைய மட்டையிலேருந்துதான் குருத்து எடுத்துக்குமாம். அது முழுசா காஞ்சு தொங்கினப்புறந்தான் எடுக்கணுமாம். அத்தை சொன்னாங்க.”

“உங்கப்பா காதுல போடு.”

“இன்னொண்ணும் சொன்னாங்க. தண்ணி ஊத்தினா மட்டும் போதாதாம். ஊத்திட்டு அது எங்க போகுதுன்னு நின்னு பாக்கணுமாம்.”

“எங்க போகும்? கீழதான் போகும்.”

“ஊத்துங்களேன், பாப்போம்.”

ஊற்றினாள். எத்தனையோ வருஷமாக ஊற்றியிருக்கிறாள். ஊற்றிய கையோடு செருப்பைத் தேடி ஓடியிருக்கிறாள். நின்று பார்த்தது அன்றுதான். எண்ணெய் தடவிய தலையில் விழுந்தது போல, தண்ணீர் அந்த மேட்டின்மேல் உருண்டு, திரண்டு, சரிவு பார்த்து நழுவி, சுவரோரத்துச் சாக்கடைக்குள் சலசலவென்று இறங்கிப் போனது. மேடு மேலோட்டமாக மினுங்கியதோடு சரி.

“இன்னொரு வாளி” என்றாள் பாப்பா.

அதுவும் அப்படியே போனது.

இவள் மண்வெட்டியை எடுத்து வந்தாள். மண்வெட்டி இறங்கவில்லை, ரப்பரில் அடித்தது போலத் துள்ளியது. முடி ஒன்றோடொன்று பின்னி, மிதிபட்டு, கம்பளிபோலச் சாணளவு தடிமனில் கெட்டித்துப் போயிருந்தது. கையால் இழுத்தால் மொத்தமாக எழும்புகிறதே தவிரக் கிழியவில்லை. பாப்பா உள்ளே ஓடி, அப்பாவின் பழைய கத்திரிகள் இரண்டைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“இதைப் போய்க் கத்திரியாலயா?”

“வேற எதால வெட்டறது? முடிதானே!”

இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரைக்கு முடிவெட்ட ஆரம்பித்தார்கள். வெயில் முதுகில் ஏறியது. வெட்டிய துண்டங்களை, தொழிற்சாலையிலிருந்து இவள் கொண்டுவந்திருந்த மாவுச் சாக்குகளில் திணித்தார்கள். மேல் அடுக்கில் கறுப்பும் சாயமுமாக இருந்தது; கீழே போகப் போக நிறம் மங்கியது.

“இந்த செவப்பு யாரோடது?” என்றாள் பாப்பா.

“எலக்ட்ரீசியன் தம்பி. காதலிச்ச வருஷம் தலைக்கு செவப்பு அடிச்சுக்கிட்டுச் சுத்தினானே.”

“ஐயோ, ஆமா! இந்த வெள்ளை?”

“பார்சல் ஆபீஸ் பெரியவரா இருக்கும். போய்ச் சேந்துட்டாரு, பாவம். தொடும்போதே ஒரு கும்பிடு போட்டுக்கோ.”

பாப்பா சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது கத்திரி அடித்தளத்தைத் தொட்டிருந்தது. கடைசிக் கம்பளித் துண்டைத் தூக்கிப் புரட்டினார்கள். அடியில் ஈரமில்லை. சலித்துவைத்த மாவு போல மண் பொலபொலவென்று கிடந்தது. ஒரு பிடி அள்ளி இவள் கையை விரித்தாள், காற்றில் பறந்தது. சுருங்கிய வேர்கள் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தன. சுவர்ப்பக்கம் மட்டும் சில வேர்கள் தடித்துப் போய், பக்கத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசியும் இடத்தை நோக்கி வரிசையாகப் போயிருந்தன.

“இத்தனை நாளா அடுத்த வீட்டுச் சோப்புத் தண்ணியிலதான் குடித்தனம் நடத்தியிருக்கு” என்றாள் பாப்பா.

இவளால் சிரிக்க முடியவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடிவதற்கு முன் ஊற்றிய தண்ணீர், காய்ச்சலோடு ஊற்றிய தண்ணீர், குழாயில் வராத நாளில் தெருமுனையிலிருந்து சுமந்து வந்து ஊற்றிய தண்ணீர் எல்லாம் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. தலைக்கு மேலே அந்த மூன்று மட்டைகள் நிழல்கூடத் தராமல் நின்றன.

பாப்பா மண்ணைக் கிளறிக்கொண்டே, “முடி போட ஆரம்பிச்சது அம்மாதானே?” என்றாள்.

“யாரோ நல்லதுன்னு சொல்லியிருப்பாங்க. அளவாப் போட்டு மண்ணோட கலந்திருந்தா நல்லதாத்தான் இருந்திருக்கும். உங்கம்மா மேல தப்பில்ல. அப்புறம் கொட்டிக்கிட்டே இருந்தது நாங்கதானே?”

“அம்மாவும் தெரியாமத்தான் செஞ்சிருக்காங்க. அதைச் சொன்னா என்ன? கோவிச்சுக்கவா போறாங்க?” பாப்பா நிமிரவில்லை. “நேத்து நான் கேட்டதுதான் தப்பு.”

“எது?”

“தண்ணி போகுதா இல்லையான்னு.”

“போகலையே. சரியாத்தானே கேட்டிருக்கே.”

“நான் அதுக்காகக் கேக்கல. உங்களுக்கு நோகணும்னுதான் கேட்டேன். அப்பாவை ஒண்ணும் சொல்ல முடியல, அதனால.”

இவள் ஒரு கணம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். நெற்றி வியர்வையில் யாரோ ஒருவருடைய முடி ஒட்டியிருந்தது. எட்டித் துடைத்துவிட்டாள். “தெரியும் பாப்பா” என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மனுஷர், கையில் காலை நேரத்து முடிச்சாக்கோடு வாசற்கேட்டிலேயே நின்றார். மரத்தடியில் பள்ளம், பக்கத்தில் பிதுங்கி வழியும் சாக்குகள், புழுதியில் குளித்த இரண்டு பெண்கள்.

“யாரு தலையை மொட்டை அடிச்சீங்க?”

“உங்க உரத்தைத்தான்” என்றாள் பாப்பா. “வந்து தொட்டுப் பாருங்கப்பா.”

தொட்டுப் பார்த்தார். மண்ணை விரலால் நசுக்கினார். அண்ணாந்து அந்த மூன்று மட்டைகளைப் பார்த்தார். விஷயம் அவருக்குள் இறங்குவது தாடையில் தெரிந்தது. “அப்ப நான் கீழ வாயை அடைச்சுட்டு, மேல இருந்ததையும் பிடுங்கியிருக்கேன்” என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அவ வெச்சதுன்னு ராஜா மாதிரி வெச்சுக்கணும்னுதானே...”

“ஒண்ணும் குடி முழுகிடல. குருத்து இன்னும் நிக்குதில்ல? போய்ச் சாப்பிடுங்க, ரொட்டி மூடி வெச்சிருக்கேன்” என்றாள் இவள்.

“இனிமே கத்திரியோட இது பக்கம் வரக் கூடாது” என்றாள் பாப்பா.

“வரல.”

“ஏணியை வித்துடுவேன்.”

“வித்துடு தாயி.” சாக்கை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

பிறகு இரண்டு பேரும் புதுமண்ணையும் காய்ந்த சருகையும் கலந்து பரப்பினார்கள். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டினார்கள். இவள் குழாயில் ஒரு டியூபை மாட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். மண் முதலில் வாங்க மறுத்தது. குமிழி குமிழியாக மூச்சு விட்டது. பிறகு உறிஞ்ச ஆரம்பித்தது. நல்ல மண்வாசனை எழுந்தது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாப்பாவின் கைபேசி அடித்தது. அவள் முழங்கை வரை சேறு. இவள் தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பாப்பாவின் காதோரம் பிடித்தாள். அவ்வளவு நெருக்கத்தில் அந்தப் பக்கத்துக் குரல் இவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

“என்னம்மா, தண்ணி எங்க போச்சுன்னு பாத்தியா?”

“சாக்கடைக்குப் போச்சு அத்தை! அடியில ஒரு சொட்டு ஈரமில்ல. எல்லாத்தையும் எடுத்துட்டோம் அத்தை.”

“அவ்வளவு வேலையும் ஒத்தை ஆளாவா செஞ்சே?”

“இல்ல அத்தை, ரெண்டு பேரு.”

“கூட யாரு?”

பாப்பாவின் வாய் திறந்தது. இவள் போனைப் பிடித்திருந்த கை அசையவில்லை. எத்தனையோ வருஷத்து வித்தை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் திணறி நின்றது.

“கூட... வீட்ல இருக்காங்க இல்ல, அவங்க” என்றாள் பாப்பா.

“ஓ, சரி சரி. நிழலுக்குப் போங்க. வெயில் ஆகாது.”

தொடர்பு துண்டிக்கப்பட்டது. இவள் கைபேசியைச் சுவர்மேல் வைத்தாள். பாத்தி நிரம்பியிருந்தது, போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். வந்து, வழக்கம்போல அடுத்த வேலையைத் தேடிக் குனியப் போனவள், குனியவில்லை. பாப்பா அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நகத்திலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா.”

“ம்.”

“உங்கப்பாவுக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தேன். ஒரு வார்த்தையை உங்கிட்ட கேக்க மாட்டேன்னு. இப்பவும் அதைக் கேக்கல. அது உங்கம்மாவோடது, அவங்களுக்கே இருக்கட்டும்.” முந்தானையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். “ஆனா அவங்க, இவங்க, வீட்ல இருக்கறவங்கன்னு என்னை அனுப்பிடாதே. சித்தின்னு சொல்லு. பேரைச் சொல்லு. ஊரு மாதிரி புதுசுன்னாவது சொல்லு. உனக்கு வாய் வர்ற மாதிரி எதுவோ ஒண்ணு. நீ இந்த வீட்டை விட்டுப் போறதுக்குள்ள என்னை ஒரு தடவை கூப்பிட்டுடு பாப்பா.”